பழி யார் மேல்?

வீட்டில் கழுவிய கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒரு குறை வந்துவிட்டால் உடனே யாரையாவது கைகாட்டுகிறோம். கேமரா சரியில்லை, கடைக்காரர் பழைய ரோலைத் தலையில் கட்டிவிட்டார், வெயில் அதிகம் என்கிறோம். நெகடிவை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பீர்கள். நான் செய்த தவறுதான் என் தகுதி.

கோடை விடுமுறைக்குத் திருவிடந்தையில் எங்கள் ஆயா வீட்டுக்குப் போயிருந்தோம். சித்தப்பா தம் பழைய கேமராவையும் ஒரு ரோலையும் என்னிடம் கொடுத்திருந்தார். ஆயா தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொண்டவர் அல்லர். கல்யாணப் படங்களில் எல்லாம் ஓரத்தில் பாதி முகமாக நிற்பார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்து ஒன்பது படம் எடுத்தேன். அன்று மத்தியானம் என் தம்பி அந்தக் கேமராவின் பின்மூடியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இரவு குளியலறையை இருட்டாக்கிப் பிலிமைக் கழுவினேன். ஹைப்போவிலிருந்து எடுத்தால், ரோல் முழுதும் மோர் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது! “இவன்தான் மூடியைத் திறந்துவிட்டான்” என்று கத்தினேன். அப்பா அவனை அடித்தார். “நான் திறக்கலே அக்கா” என்று சொல்லிச் சொல்லி, சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

காலையில் செங்கல்பட்டிலிருந்து சித்தப்பா வந்தார். பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் பட்ட பிலிம் கறுக்குமா, வெளுக்குமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கறுப்பு வெள்ளியாக மாறும். மூடியைத் திறந்திருந்தால் கடைசியாகச் சுற்றிய படங்கள் கறுத்துப் போயிருக்கும். சுருளின் உள்ளே இருந்தவை ஓரளவு தப்பியிருக்கும். பால்போன்ற வெண்மை, ஹைப்போ கரைக்காமல் விட்ட உப்பு. நான் ஊற்றியது பல ரோல்களுக்குப் பயன்பட்டு ஓய்ந்துபோன ஹைப்போ. புதிதாகக் கலக்கிப் பகல் வெளிச்சத்திலேயே பத்து நிமிடம் போட்டோம். வெண்மை விலகியது. ஆயா தெரிந்தார்.

அன்று முதல் நான் நெகடிவைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, ஓரத்தை. அங்கே கம்பெனியே அச்சிட்ட எண்கள் இருக்கும். எண்கள் நன்றாகக் கறுத்திருந்து படங்கள் மட்டும் மெலிந்திருந்தால் கழுவியதில் குற்றமில்லை, எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை. எண்களும் மங்கியிருந்தால் டெவலப்பரைச் சந்தேகப்பட வேண்டும். எண்கள் இருந்து ஒரு படமும் இல்லையென்றால் கேமராவுக்குள் பிலிம் ஓடவே இல்லை! எண்களும் இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் டெவலப்பருக்கு முன் ஹைப்போவை ஊற்றிவிட்டோம், அல்லது டெவலப்பர் செத்துவிட்டது. சிறு வட்டப் பொட்டுகள் காற்றுக் குமிழிகள். டாங்கை இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் போயிருக்கும்.

எங்கள் கடற்கரைக்கென்றே தனிக் குறைகளும் உண்டு. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் காய்ந்த ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாக நிற்கும். கடைசி அலசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். சவுக்குத் தோப்புக் காற்றில் காயப்போட்டால் மணல் ஒட்டும், துடைத்தால் கீறல். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரிக்கு. மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீரோ 30 டிகிரிக்கு மேல். ஆகவே டாங்கை ஐஸ் போட்ட வாளியில் வைக்கிறோம். ஆனால் குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கி, உலர்ந்த ஏரி மண்போல் வெடிப்புக் கோலம் விழலாம். எல்லாத் திரவமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

கைப்பேசி இருக்க இந்தத் தொல்லை எதற்கு என்று சில தோழியர் கேட்கிறார்கள். கேட்கட்டும். நம் ஊட்டியிலேயே 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இன்று அந்த ஆலை இல்லை. இல்ஃபோர்டும் கோடக்கும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரோல் கெட்டால் அதைக் குப்பையில் எறிவது இரட்டை நஷ்டம் என்பேன். கெட்ட துண்டை ஒரு நோட்டில் ஒட்டி, தண்ணீர் எத்தனை டிகிரி, ஹைப்போ எத்தனையாவது ரோல் என்று எழுதிவைப்பதே மேல். என் நோட்டில் இப்போது பதினொரு துண்டுகள் இருக்கின்றன. ஒன்பதில் குற்றவாளி நான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே பேசவில்லை. அடுத்த ரோலை ரீலில் ஏற்றும்போது கதவுக்கு வெளியே காவல் நிற்கச் சொன்னேன், நின்றான். அப்பாவும் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

ஆயாவின் ஒன்பது படங்களில் நல்லது நான்காவது. அதில் அவர் தோளருகே ஒரு பிறைத் தழும்பு இருக்கிறது. ரீலில் ஏற்றும்போது என் கட்டைவிரல் பிலிமை மடக்கிய இடம் அது. அச்சில் மை தொட்டு மறைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றேன். ஆயா அதைப் பார்த்து, “நிலா கூடவா விழுந்திருக்கு?” என்று கேட்டார்.

— பத்தாம் வகுப்பு மாணவி