மைக்கைத் திறக்கும் முன் ஒரு நொடி: குழு விளையாட்டில் நம் பிள்ளைகள் பேசும் பேச்சு

கடந்த பள்ளி விடுமுறையில் கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு பதினொன்றரை மணி. சித்தி விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது.

“டேய், கண்ணு தெரியலையாடா உனக்கு? போய்ச் சாவு!”

சித்தி எழுந்து உட்கார்ந்தார். “யாரைடா இந்த நேரத்துல திட்டுற?”

“கேம்மா. நீங்க படுங்க.”

“கேம்ல இருக்கிறவனும் மனுஷன்தானே?”

தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. சித்தி கேட்ட கேள்வி நம் வீடுகள் பலவற்றிலும் கேட்கப்பட வேண்டிய ஒன்று. பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். விளையாடும்போது யாரிடம், எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

ஐந்து பேர், ஒரே காது

தம்பி விளையாடியது மொபைல் லெஜண்ட்ஸ். 2016இல் வெளிவந்த கைப்பேசி விளையாட்டு. அணிக்கு ஐந்து பேர். ஓர் ஆட்டம் பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடம் ஓடும். எதிரணியின் கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்து, கடைசியில் அவர்களின் தளத்தை உடைக்க வேண்டும். நடுவில் ‘லார்ட்’ என்ற பெரிய பூதம் வரும். அதற்குக் கடைசி அடியைக் கொடுக்கும் அணியின் பக்கம் அது சேர்ந்து, எதிரியின் தளத்தை நோக்கி நடக்கும். அந்த ஒரு நொடியில் பல ஆட்டங்களின் முடிவு மாறிவிடும்.

ஆகவே ஐவரும் பேசிக்கொள்ள வேண்டும். எழுத்தில் தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அதற்காகத்தான் மைக். ஐந்து பேரும் ஐந்து ஊர்களில் இருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். குரல் ஒன்றுதான் அவர்களை இணைக்கிறது.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டது. மொபைல் லெஜண்ட்ஸும் அதில் இடம்பெற்றது. இந்த விளையாட்டின் முதல் உலகப் போட்டி 2019இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆறாவது உலகப் போட்டியும் 2024இல் இங்கேயே நடந்தது. அதே ஆண்டு ரியாத்தில் நடந்த அனைத்துலகக் கிண்ணத்தைச் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வென்று வந்தபோது, தோட்டத்துப் பையன்களும் தாமான் பையன்களும் ஒன்றாகக் கொண்டாடினார்கள்.

நாற்பது பேர் சேர்ந்து கற்ற ஒழுங்கு

மைக் பேச்சுக்கு ஒழுங்கு வேண்டும் என்பது புதிய கருத்தல்ல. 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ‘ரெய்டு’ என்ற கூட்டுத் தாக்குதல் உண்டு. தொடக்க காலத்தில் நாற்பது பேர் வரை ஒன்றாக இறங்கி ஒரு பூதத்தை வீழ்த்துவார்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் சந்தைக்கடைதான். அதனால் அவர்களுக்குள் சில வழக்கங்கள் உருவாயின.

சண்டை நடக்கும்போது தலைவர் ஒருவர் மட்டும் கட்டளை சொல்வார். மற்றவர்கள் கேட்டால் பதில் சொல்வார்கள், ஆபத்து வந்தால் எச்சரிப்பார்கள். மைக் எப்போதும் திறந்திருக்காது. பொத்தானை அழுத்தினால்தான் பேச முடியும் என்று வைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் வீட்டு மின்விசிறியும் தொலைக்காட்சியும் மற்றவர் காதில் விழாது. தவறு செய்தவரை அந்த இடத்திலேயே திட்ட மாட்டார்கள். சண்டை முடிந்த பிறகு, எங்கே பிசகியது என்று பேசுவார்கள். எல்லாக் குழுக்களும் இப்படி நடந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட காலம் நிலைத்த குழுக்களில் இந்த ஒழுங்கு இருந்தது.

2015இல் டிஸ்கார்ட் வந்த பிறகு குரல் அறை அமைப்பது எவருக்கும் எளிதாகிவிட்டது. கைப்பேசி விளையாட்டுகளில் மைக் உள்ளேயே வந்துவிட்டது. வசதி எல்லார் கைக்கும் வந்தது. வழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்தான் கூடவே வரவில்லை.

‘அங்க’ என்றால் எங்கே?

தம்பியின் அருகில் உட்கார்ந்து மூன்று ஆட்டம் கேட்டேன். அவனோடு இருந்த நால்வரில் இருவர் அவன் பள்ளி நண்பர்கள். தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். “அவன் வர்றான், அவன் வர்றான்!” “எங்க?” “அங்கடா!” “பின்னாடி வா!” “யாரு பின்னாடி?”

தமிழ் படித்தவள் என்பதால் இது என் கண்ணில் பட்டது. நம் அன்றாடப் பேச்சு சுட்டுச் சொற்களில் நிற்கிறது. அவன், இவன், அங்க, இங்க. எதிரே நிற்பவரிடம் கையைக் காட்டிப் பேசும்போது இவை போதும். ஐந்து திரைகளில் ஐந்து வேறு இடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ‘அங்க’ என்பதில் ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் சுட்டுச் சொல்தான் முதலில் வருகிறது, கேட்பவருக்குப் புரிவதில்லை, அவர் தவறான பக்கம் போகிறார். அடுத்து வருவது திட்டு. திட்டு வாங்கியவர் செய்த தவறில் பாதி, சொன்னவருடையது.

நல்ல குழுவில் ஒரு சொல்லுக்கு மூன்று பகுதி இருக்கும்: யார், எங்கே, என்ன செய்ய வேண்டும். “மேல் லேன்ல ரெண்டு பேர், பின்வாங்கு.” “லார்ட் கிட்ட ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான், காத்திரு.” ஐந்தாறு சொற்கள்தான். லார்ட் விழப்போகும் கடைசி நொடிகளில், கடைசி அடி கொடுக்க வேண்டியவர் மட்டும் பேசினால் போதும், மற்ற நால்வரும் அமைதி.

‘டேய்’ என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். நண்பனிடம் சொல்லும் ‘டேய்’யில் உரிமை இருக்கிறது. அதோடு ஒரு சிரிப்பும் தோளில் ஒரு தட்டும் சேர்ந்தே போகும். மைக்கில் முகம் போவதில்லை, சொல் மட்டுமே போகிறது. முன்பின் தெரியாத ஒருவர் காதில் அதே ‘டேய்’ அறையாக விழுகிறது. திருக்குறளில் ‘அவை அறிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. முகம் தெரியாத நால்வர் கேட்டுக்கொண்டிருக்கும் இடமும் ஓர் அவைதான்.

மைக்கை மூடிவிட்டவர்கள்

இரண்டாவது ஆட்டத்தில், தெரியாத ஒருவர் நம் இனத்தை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை மைக்கில் சொன்னார். தம்பியின் பேச்சைக் கேட்டு அவன் யார் என்று கண்டுகொண்டார். தம்பி ஒன்றும் பேசாமல் மைக்கை மூடினான். “இது எப்பவும் நடக்கும்க்கா,” என்றான். அந்த ஆட்டம் முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவனே வேறொருவரின் அம்மாவை இழுத்துத் திட்டினான். வாங்கியதை இன்னொருவர் தலையில் இறக்கினான்.

அவன் அக்கா ஆறாம் படிவ மாணவி. நன்றாக விளையாடுவாள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக மைக்கைத் திறந்ததில்லை. பெண் குரல் என்று தெரிந்ததும் ஒருவர் எண் கேட்பார், இன்னொருவர் கேலி செய்வார், தோற்றால் அவள்மேல்தான் பழி விழும் என்றாள். பேச்சு தேவைப்படும் விளையாட்டில் ஊமையாக விளையாடுகிறாள்.

நம் பிள்ளைகள் அடி வாங்குபவர்கள் மட்டும் அல்லர், அடிப்பவர்களும்தான். இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பிற இனத்தாரையும் பெண்களையும் புதிதாக விளையாட வரும் சிறுவர்களையும் நம் பையன்கள் தமிழில் திட்டுகிறார்கள். மற்றவருக்குப் புரியாது என்ற துணிச்சல்தான். தொனி எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

சட்டம் எதுவரை வரும்?

இணையத்தில் சொன்ன சொல் உயிரைப் பறிக்கும் என்பதை நம் சமூகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் ‘ஏஷா’ என்று அறியப்பட்ட ராஜேஸ்வரியை இணையப் பகடிவதைக்குப் பின் இழந்தோம். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது.

அதன் பின் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கும் 507பி முதலான பிரிவுகளின்படி, ஒருவரை அலைக்கழிக்கும் அல்லது அச்சுறுத்தும் நோக்கில் மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்துவது குற்றம். தற்கொலைக்கு அல்லது தற்கொலை முயற்சிக்கு ஒருவரைத் தூண்டியதாக நிரூபிக்கப்பட்டால் பத்து ஆண்டு வரை சிறை. “போய்ச் சாவு” என்பதை விளையாட்டுப் பேச்சு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

2026 ஜனவரி முதல் தேதி இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் பார்வை பெரிய சமூக ஊடகங்கள், செய்திச் சேவைகள் மீதே அதிகம். பதிவிட்ட எழுத்தைப் படம் பிடித்து வைக்கலாம். மைக்கில் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. விளையாட்டு முடிந்ததும் அந்த அறை கலைந்துவிடும். சான்று இல்லாமல் புகார் நிற்பது கடினம்.

விளையாட்டுக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் திட்டியவர்மீது புகார் செய்யலாம். உறுதியானால் அவருடைய ‘கிரெடிட் ஸ்கோர்’ குறையும். மிகவும் குறைந்தால் ரேங்க் ஆட்டம் ஆட முடியாது. தம்பி போன்றவர்களுக்குச் சட்டத்தைவிட இதில்தான் பயம். ஆனாலும் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் இவையெல்லாம் வேலை செய்கின்றன. முன்னே நிற்கக்கூடியது வீடுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

கைப்பேசியைப் பிடுங்குவதால் பயனில்லை. பையன் நண்பன் வீட்டுக்குப் போய் விளையாடுவான். வாரத்தில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுக்கக் கேளுங்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தொனி புரியும். பிறகு கீழ்க்கண்ட நான்கைப் பேசி வையுங்கள்.

ஒன்று, தெரியாதவர்களோடு ஆடும்போது மைக் மூடியே இருக்கட்டும். தேவைப்பட்டால் திறந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, மீண்டும் மூடலாம். இரண்டு, தவறைப் பற்றி ஆட்டம் முடிந்த பிறகு பேசலாம்; அப்பா அம்மா, இனம், உடல், சாவு ஆகியவை எப்போதும் வாயில் வரக்கூடாது. மூன்று, யாராவது இனத்தைச் சொல்லித் திட்டினால் பதிலுக்குத் திட்டாமல் அவர் குரலை மியூட் செய்யட்டும். முடிந்தால் திரையைப் பதிவு செய்து, ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுக்கட்டும். மிரட்டல் என்றால் வீட்டில் சொல்லட்டும். மனம் உடைந்த பிள்ளைக்கு உதவ 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. நான்கு, பலகைச் சுவர் வீட்டில் பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. விடியலில் வேலைக்குப் போகும் அம்மாவின் தூக்கமும் இந்த மரியாதையில் அடங்கும்.

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை எவ்வளவு பாடுபட்டுத் தயார் செய்கிறோம். மேடை ஒலிபெருக்கி முன் நிற்பது ஆண்டுக்கு ஒருமுறை. கைப்பேசி மைக் முன் நிற்பது தினமும். சுருக்கமாக, தெளிவாக, பதற்றத்திலும் மரியாதை தவறாமல் பேசுவதை ஒரு பாடவேளையில் இந்த விளையாட்டை வைத்தே சொல்லித்தரலாம். தூங்கும் மாணவன்கூட எழுந்து உட்காருவான்.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தனியாகப் போய் மாட்டிக்கொண்டார். தம்பி மைக்கைத் திறந்தான். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த அறையைப் பார்த்தான். “தாப்பா பிரோ, அடுத்த லார்டுக்கு சேர்ந்து நிப்போம்,” என்றான். அவர்கள் தோற்றுத்தான் போனார்கள். ஆனால் அந்த ஐந்தாவது ஆள் இன்னோர் ஆட்டம் சேர்ந்து ஆடலாமா என்று கேட்டார். பன்னிரண்டு மணி ஆகிவிட்டதால் தம்பி, நாளைக்கு என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தான்.