பந்தியில் எழுந்த கேள்வி: காஞ்சி ஊரார்க்கு ஒரு திறந்த மடல்

காஞ்சிபுரத்து ஊரார்க்கு, சிறப்பாகப் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பங்களுக்கு, சீனத்தின் சூச்சௌ நகரிலிருந்து எழுதப்படும் மடல்.

அயல்நாடு சென்று திரும்பியவரிடம் ஓர் ஊர் முதலில் கேட்கும் கேள்வி, சென்றவரைக் காட்டிலும் கேட்கும் ஊரையே மிகுதியாகக் காட்டிக்கொடுக்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையையொட்டித் தை மாதத்தில் காஞ்சிக்கு வந்திருந்த இம்மடலாசிரியரிடம், கல்யாணப் பந்தியிலும் தறிக்கூடத்திலும் கோயில் வாசலிலும் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: அங்கே பாம்பு தின்றது உண்டா? பட்டை நம்பிப் பிழைக்கும் ஊரில், பட்டின் பிறந்தகத்தில் வேலை பார்ப்பவரிடம் நூலின் தரம் பற்றியோ சாயம் பற்றியோ கூலி பற்றியோ கேட்டவர் எவருமிலர். பந்தியில் சிரிப்பு அடங்கியதும் ரசம் வந்தது, பேச்சும் அத்துடன் முடிந்தது.

கேள்விக்குரிய விடையை முதலில் தந்துவிடுவது நலம். பாம்புக் கறி தென்சீனத்துக் குவாங்தொங் மாகாணத்தில் பெயர்பெற்றது. சீனர் அனைவரின் அன்றாட உணவு அன்று. மேலும், 2020 பிப்ரவரி 24 அன்று சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு, நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளை உண்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது. ஊரார் இதனை அறிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அறியாமலே சிரித்தாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சீன மொழியில் தொழில் பழகுநரை 'ஷீஷிஷெங்' என்பர். அந்நிலையில் ஒரு துணி நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அங்கேயே வேலையில் அமர்ந்த இம்மடலாசிரியர்க்கு, முதல் சில மாதங்களில் நெசவுப் பொறியைக் காட்டிலும் உணவுக்கூடமே கடினமான பாடமாயிற்று. நண்பகலுக்கு முன்பே மதிய உணவு தொடங்கிவிடும். அதன்பின் விளக்கணைத்து, மேசைமீதே தலைசாய்த்து அலுவலகம் முழுவதும் உறங்கும். 'வூஷியூ' எனப்படும் இந்த நண்பகல் ஓய்வைத் திண்ணையில் துண்டு விரித்துப் படுத்த ஊரார் எளிதில் விளங்கிக்கொள்வர். கோடையிலும் வெந்நீரே குடிக்கத் தரப்படும். சீரக வெந்நீரில் வளர்ந்தவர்க்கு அதுவும் புதிதன்று. புதிதாக இருந்தது சைவ உணவைக் கேட்டுப் பெறுவது. 'சு' என்ற ஓரசைச் சொல் மரக்கறி உணவைக் குறிக்கும். எனினும் கீரை வதக்கலிலும் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி கலந்திருக்கக்கூடும், அதைச் சமைத்தவர் அது கீரைதான் என்றே உண்மையாக நம்பியிருப்பார். இதற்குத் தீர்வு பௌத்த மடங்களை ஒட்டிய சைவ உணவகங்களில் கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியாங் அரசர் வூ, துறவியர் இறைச்சியும் மதுவும் கொள்ளலாகாது என வகுத்த நெறியின் வழிவந்த சமையல் அது. வெங்காயமும் பூண்டும் அதில் விலக்கு. வரதர் கோயில் மடைப்பள்ளியை அறிந்தவர்க்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

மேசை ஒழுக்கம் தனியாக ஆராயத்தக்கது. நடுவே சுழலும் கண்ணாடித் தட்டில் பண்டங்கள் பொதுவாக வைக்கப்படும். விருந்தளிப்பவரே அனைவர்க்கும் சேர்த்துச் சொல்லி வரவழைப்பார். மூத்தவர் தொடங்கும்வரை இளையோர் காத்திருப்பர். கிண்ணங்களை மோதி வாழ்த்தும்போது இளையவர் தம் கிண்ணத்தின் விளிம்பை மூத்தவருடையதற்குச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பர். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி வாயருகே கொண்டுசெல்வதே அங்கு மரியாதை. இலையின்மேல் குனிந்து உண்ணப் பழகியவர் கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டுக் குனிந்தால் பார்ப்பவர் முகம் சுளிப்பர். உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பது பெருங்குற்றம், ஏனெனில் அது இறந்தோர்க்குப் படைத்த சோற்றில் ஊதுவத்தி நடுவதை ஒக்கும். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாகவும் துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகவும் மடிக்கும் ஊரார், இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார் என்று இம்மடலாசிரியர் எண்ணியிருந்தார். காலை நேரத்தில் தெருக்கடைகளில் மூங்கில் கூடைகளை அடுக்கி ஆவியில் வேகவைத்த பண்டங்களைத் திறக்கும்போது எழும் மணம், மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்ந்து வெந்த கோயில் இட்லியையே நினைவூட்டும். இதையும் கேட்டறிய ஒருவர்கூட இல்லை.

எச்சில் என்னும் கருத்து அங்கு இல்லை என்று சொல்வது முழு உண்மையாகாது. தம் குச்சியாலேயே பண்டத்தை எடுத்து விருந்தினர் கிண்ணத்தில் இடுவது அன்பின் அடையாளமாகக் கருதப்பட்டதும், அது இம்மடலாசிரியரின் தொண்டையை அடைத்ததும் மெய்யே; ஆனால் 2020இல் பெருந்தொற்றுக்குப் பின், பொதுக்குச்சி எனப் பொருள்படும் 'கொங்க்வாய்' வழக்கத்தை அரசே வலியுறுத்தியது. அதுபோல, தட்டில் மிச்சம் வைத்தால்தான் விருந்தளித்தவர்க்குப் பெருமை என்ற பழைய எண்ணத்தை மாற்ற 2013இல் 'தட்டைக் காலிசெய்' இயக்கம் எழுந்து, 2021 ஏப்ரல் 29 முதல் உணவு வீணாக்கத் தடைச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சி வாங்கத் தூண்டும் உணவகத்துக்கு 10,000 யுவான் வரை தண்டம் உண்டு. மேற்சொன்ன தைமாதப் பந்தியில், பாம்பைப் பற்றிக் கேட்டவரின் இலையில் மூன்று கூட்டும் ஒரு ஜாங்கிரியும் தொடப்படாமல் மடிக்கப்பட்டன என்பதை இங்குக் குறிப்பது சிறுமையாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை வறுத்து உண்ணும் வழக்கம் சீனத்தில் உண்டு என்பதைக் கேட்டவுடன் காதைப் பொத்திய காஞ்சி, அதே கூடுகளை வெந்நீரில் இட்டு, புழு இறந்தபின் உருவிய இழையையே முகூர்த்தச் சேலையாக்குகிறது. ஒரு கூட்டில் சில நூறு முதல் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் ஒரே இழை இருக்கும். கர்நாடகப் பட்டுடன் சீனக் கச்சாப்பட்டும் இந்தியத் தறிகளில் நெடுங்காலம் பாவு நூலாகியிருக்கிறது. போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனத்துக்குச் சென்றவர் என்ற மரபுக்கு உறுதியான சான்று குறைவாயினும், 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்ததிலிருந்து அவரைப் பெருமையுடன் உரிமை கொண்டாடாத தெரு ஊரில் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் 720இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். அத்தூதர் திரும்பி வந்தபோது பாம்பைப் பற்றியா கேட்டிருப்பார்கள்? பாம்பு பற்றிய இந்த ஒரு கேள்வியே பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க மறுப்பதற்கும், சென்றவர் திரும்பாமைக்கும் காரணம் என்று கூறினால் அது மிகை என்பர். மிகையே ஆகலாம், ஆயினும் அறிவை எதிர்பார்க்காத ஊருக்கு எவர் அறிவைச் சுமந்து வருவார்?

சூச்சௌவில் 'கெஸி' என்றொரு கைநெசவு உண்டு. அதில் ஒவ்வொரு நிற ஊடையும் தன் எல்லைக்குள் மட்டுமே சென்று திரும்புவதால், நிறங்கள் சந்திக்குமிடத்தில் மெல்லிய இடைவெளி விழும்; அந்த இடைவெளியே அதன் அழகு. காஞ்சியின் கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக் கோத்துக்கொள்வதால், சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பர். இந்த வேறுபாட்டை அங்குள்ள மூத்த நெசவாளர் ஒருவர் மணிக்கணக்கில் வினவியறிந்தார். கோர்வைக்கு மூன்று நாடாக்களும், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீச இன்னொருவரும் வேண்டும் என்றதும், அப்பக்கத்தில் இப்போது அமர்பவர் யார் என்று அவர் கேட்டார். விடை சொல்ல இயலவில்லை. இம்மடலாசிரியரின் தந்தையார், துணைக்கு ஆளில்லாமையால், கோர்வையை விட்டு ஒரே நாடாவில் ஓடும் சேலைகளையே சில ஆண்டுகளாக நெய்துவருகிறார். குறைந்த கூலியைச் சீனத்திலிருந்து வரும் பணம் ஈடுசெய்கிறது, இருக்கையை ஈடுசெய்யவில்லை.

வைகாசிக் கருட சேவையை ஒட்டிப் பத்து நாள் விடுப்புக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. அந்நாட்களில் காலை வேளையில் தந்தையாரின் தறிக்குப் பக்கத்தில் இம்மடலாசிரியர் அமர்ந்திருப்பார். கெஸி நெசவின் சாண் அகலத் துண்டு ஒன்றும் உடன் வரும். ஊரார் வந்து அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும், குறை சொல்லவேண்டும். பாம்பைப் பற்றி மட்டும், அந்தப் பத்து நாட்களேனும், கேளாதிருக்கவேண்டும்.