பார்த்ததுக்கு சல்லி கேட்டால் ஏன் கோபம் வருகிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், கராஜ்காரரைத் திட்டாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாதவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

"இந்த பாஸ்மாரெல்லாம் கள்ளனுகள். ஒரு சாமான் பழுதானா நாலு சாமான் மாத்துவானுகள்." இந்தப் பேச்சைக் கேட்காத தேநீர்க்கடை நம் ஊரில் இல்லை. நான் சொல்கிறேன், அவர்களில் பாதிப் பேரை அப்படி ஆக்கியது நாம்தான். சாமானுக்குக் கேட்ட காசைக் கொடுக்கிறோம். பழுது எங்கே என்று கண்டுபிடித்ததற்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. "சும்மா பாத்ததுக்கு என்னத்துக்கு சல்லி?" என்று கேட்கிறோம். பிறகு அந்த மனிதன் எப்படிப் பிழைப்பான்? எதையாவது கழற்றி, எதையாவது பூட்டித்தான் பிழைப்பான்.

ஓர் உதாரணம் எடுப்போம். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். 1798 சீசீ, நாலு சிலிண்டர், பெரும்பாலானவற்றில் இரண்டு எஸ்.யூ. காபரேட்டர். எஞ்சின் ஒன்றும் விசித்திரமில்லை. நம் வாப்பாமார் காலத்து மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்டிலும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இருந்த அதே பி-சீரிஸ் குடும்பம்தான். கம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. கண், காது, இரண்டு மூன்று கருவிகள் போதும். ஆனால் யோசிக்க வேண்டும்.

இந்தக் கார் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. சூடானதும் இழுவை விழுந்து, பட் பட் என்று வெட்டி நிற்கிறது. ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ரோட்டோரத்தில் கூடும் பத்துப் பேரும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்கள்: "காபரேட்டர்." உடனே இரண்டு காபரேட்டரையும் கழற்றிப் பிரிப்பார்கள். நன்றாக இருந்த டியூனிங்கும் கெடும். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

தெரிந்த பாஸ் என்ன செய்வார்? நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று பார்ப்பார். சுவிச்சைப் போட்டு, பின்னால் உள்ள மின்பம்பு டிக் டிக் என்று அடித்துப் பிறகு அடங்குகிறதா என்று காது கொடுப்பார். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. பெற்றோல் சரி, ஸ்பார்க் மட்டும் செத்துக் கிடக்கிறதா? அப்படியென்றால் காபரேட்டரைத் தொடவே தேவையில்லை. கொயிலையும், டிஸ்ரிபியூட்டருக்குள் பெருவிரல் அளவில் இருக்கும் கொண்டென்சரையும் பார்க்க வேண்டும். இரண்டும் குளிரில் வேலை செய்து, சூட்டில் கைவிடக்கூடியவை. காபரேட்டர் செலவோடு பார்த்தால் கொண்டென்சரின் விலை ஒன்றுமே இல்லை.

இழுவை குறைவு என்று வந்தாலும் இதே ஒழுங்குதான். முதலில் நாலு சிலிண்டரின் கொம்பிரஷன். ஒன்று குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளப்பது. ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வ் பக்கம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கெஸ்கட்டில் சந்தேகம். பிறகு வால்வ் இடைவெளி. பிறகு பொயின்ட் இடைவெளி, அது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். பிறகு டைமிங். காபரேட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. மற்றவை சரியில்லாமல் காபரேட்டரைத் திருகுவது, காய்ச்சல்காரனைக் குணமாக்க தேர்மோமீற்றரைத் திருத்துவது போன்றது.

கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி போடுவதில்லை. செய்முறை எங்கே என்று கேட்பேன். கராஜில் மட்டும் நாம் செய்முறையைக் கேட்பதில்லை. விடையை மட்டும் கேட்கிறோம், அதுவும் ஐந்து நிமிடத்தில். அளந்து பார்க்க நேரம் கேட்கிறவர் "தெரியாதவர்". வந்ததும் "எஞ்சினைப் பிரிக்கணும்" என்று அடித்துச் சொல்கிறவர் "கெட்டிக்காரர்".

"பார்க்கக் காசு கொடுத்தால் பார்க்காமலே வாங்குவார்கள்" என்று சிலர் சொல்வீர்கள். நியாயமான பயம். மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. கொம்பிரஷன் பார்த்தேன் என்றால் நாலு இலக்கத்தையும் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய நாலு பிளக்கையும் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கரி பிடித்ததா, வெளுத்ததா, ஒயில் படிந்ததா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பார்த்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். பார்க்காதவர் கோபப்படுவார்.

இதில் நட்டம் காருக்கு மட்டுமில்லை. காது வைத்தே பழுதைச் சொல்லும் மூத்த பாஸ்மார் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஸ்பனர் பிடித்து நிற்கும் பையன் எதைப் படிக்கிறான்? யோசித்தால் காசில்லை, மாற்றினால் காசு என்பதைத்தான். "ஓ.எல். சரிவரல்ல, கராஜுக்குப் போடுவோம்" என்று நாம் அனுப்பிய பிள்ளைதான் அவன். மூளை தேவையில்லாத தொழில் என்று சொல்லி அனுப்பினோம். மூளையைப் பாவித்தால் கூலியும் கொடுக்க மறுக்கிறோம். பிறகு நல்ல பாஸ் இல்லையே என்று புலம்புகிறோம்.

அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது "எவ்வளவு முடியும்?" என்று தொடங்காதீர்கள். "முதலில் பாருங்கள், பார்க்கிற கூலியைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல மனம் வராதவர்கள் தயவுசெய்து யாரையும் கள்ளன் என்று சொல்ல வேண்டாம்.