காவிரிக்குள்ளே ஓடும் காத்து

காவிரி இஞ்சின்னு சொன்னாலே நம்ம மக்கள் சிரிக்கிறாங்க. பெங்களூர் ஜிடிஆர்ஈ-க்கு 1989-ல் அனுமதி, 382.81 கோடி ரூபாய். 2008-ல் தேஜஸ் திட்டத்துலேர்ந்து கழட்டியாச்சு. தேஜஸ் இன்னிக்கும் அமெரிக்க ஜிஈ இஞ்சின்லதான் பறக்குது. சரி, எங்கே இடிக்குதுன்னு பார்த்துட்டு சிரிப்போமே?

இன்றைய போர் விமான இஞ்சின்ல டர்பைன் பிளேடைத் தாக்கும் வாயுவின் சூடு, அந்த பிளேடின் உலோகம் உருகும் சூட்டை விட அதிகம். உருகாம காப்பாத்துறது பிளேடுக்குள்ளே ஓடும் காத்து. அதுவும் கம்ப்ரசர்லேர்ந்து வர்ற, ஏற்கெனவே பல நூறு டிகிரி சூடான காத்து! வளைஞ்சு நெளிஞ்ச பாதை, உள்சுவரில் குட்டி குட்டி வரப்புகள். சுவரை ஒட்டி சோம்பிக் கிடக்கும் காத்தை வரப்பு கலக்கிவிடும், சூடு வேகமா இறங்கும். மே மாசம் செஞ்சி ராஜகிரி ஏறினவங்களுக்குப் புரியும்: காத்து நின்னா பிரயோஜனமில்லை, உடம்பை உரசிட்டு ஓடணும்.

ஆனா வரப்பு கூடினா அழுத்தம் விழும். காத்தை அதிகம் திருப்பினா உந்துவிசை குறையும். இந்தக் கணக்கு கம்ப்யூட்டர்ல மட்டும் தீராது. செஞ்சு, சுட்டு, உடைச்சுப் பார்க்கணும். 2010-ல் காவிரியைப் பறக்கவிட்டு சோதிக்க ரஷ்யாவுக்குத்தான் தூக்கிட்டுப் போனோம்.

2021-ல் ஹெலிகாப்டர் இஞ்சினுக்கு ஒற்றைப் படிக பிளேடு 60 செஞ்சு ஹெச்ஏஎல்லுக்குக் கொடுத்தது டிஆர்டிஓ. ஆக, கை இருக்கு. இல்லாதது சோதனைக்கூடமும் பொறுமையும். அதுக்குக் காசு போடாம எத்தனை ஒப்பந்தம் போட்டாலும், காத்து போற வழியை எவனும் நமக்கு வரைஞ்சு தரமாட்டான்!