ஓடாத கோச்சியின் காணி

கோச்சி நின்றுபோன பாதையைக் கண்டால் நம்மவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேர்ச் தேறும்?" என்பதுதான்.

குச்சவெளிக்கு ஒருநாளும் கோச்சி வந்ததில்லை. கல்லோயாச் சந்தியில் பிரிந்து 1927-ல் திருகோணமலைக்கு வந்த பாதை பட்டினத்தோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை எல்லாம் பஸ்காரன் தயவில்தான். எங்கள் பக்கம் தண்டவாளம் வந்தது என்றால் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கும் துண்டாகத்தான் வந்தது. ஆனாலும் ரயில் காணியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எங்கள் தேநீர்க்கடைகளில் ஆள் பஞ்சமில்லை. தீர்ப்பும் எப்போதும் ஒன்றேதான். ரயில் நின்றால் பாதை செத்தது. செத்த காணியைப் பிரித்துக் கொடு, இல்லாவிட்டால் தார் ஊற்றி றோட்டாக்கு. நாலு தொண்டர்கள் பற்றை வெட்டி, சனம் நடக்கவும் பிள்ளைகள் சைக்கிள் ஓடவும் பாதை திருத்தக் கிளம்பினால், அது வெள்ளைக்காரப் பைத்தியமாம், புலியைப் பார்த்துப் பூனை போட்ட சூடாம்.

இந்தத் தீர்ப்பைக் கொழும்பில் படித்தவர்களும் சொல்கிறார்கள், கிராமத்தில் மண்வெட்டி பிடிப்பவனும் சொல்கிறான். இரண்டு பேரும் பிழை.

ரயில் பாதை என்பது காணித் துண்டு அல்ல, நீளம். ஊருக்கு ஊர் தொடுத்த நூல் மாதிரி. எந்த இடத்தில் அறுத்தாலும் முழுவதும் போச்சு. களனிப் பள்ளத்தாக்குப் பாதையைப் பாருங்கள். இரண்டரை அடி அகலக் குறும்பாதை அது. 1912-ல் இரத்தினபுரியைத் தொட்டு, 1919-ல் ஓப்பநாயக்க வரை போனது. 1976-ல் அவிசாவளைக்கு அப்பால் மூடினார்கள். தண்டவாளத்தைக் கழற்றியதோடு காவலும் போயிற்று. ஒருவர் வேலியை நாலடி தள்ளினார், பக்கத்து வளவுக்காரர் எட்டடி தள்ளினார். ஆளுக்காள் சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. அவிசாவளைக்குக் கொழும்புப் பக்கம் ரயில் ஓடியதால் அந்தப் பகுதி பிழைத்தது. தொண்ணூறுகளில் அகலப் பாதையாகவும் மாறியது. அப்பால் உள்ள பகுதிக்கு மறுபடி ரயில் விட வேண்டும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழும்பும். எழும்பி எங்கே போய் முட்டும்? அடுப்படிகளிலும் கடைச் சுவர்களிலும்தான்.

வடக்குப் பாதை இதற்கு மறுபக்கம். 1990-ல் யாழ்தேவி யாழ்ப்பாணம் போவது நின்றது. சிலிப்பர் கட்டை பங்கருக்குப் போனது, தண்டவாளம் பங்கர்க் கூரையைத் தாங்கியது. இரும்பும் மரமும் போயின; மண் அணையும் நேர்கோடும் பெரும்பாலும் கிடந்தன. கிடந்தபடியால்தான் இந்தியாவின் இர்கொன் நிறுவனம் வந்து அதே தடத்தில் வேலை தொடங்க முடிந்தது. 2014 ஒக்டோபர் 13-ல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அந்த இருபத்துநாலு வருடத்தில் பெரும்பகுதி பாதையைக் காத்தது யாருடைய புத்தியும் அல்ல, யுத்தம். நல்ல காலத்தில் அந்த வேலையைச் செய்ய வேறொன்று வேண்டாமா?

அமெரிக்கர்கள் 1983-லேயே அப்படி ஒன்றைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். கம்பனி ரயிலை நிறுத்தினாலும் தடத்தைத் துண்டாடாமல் நடைபாதையாக வைத்திருக்கலாம்; நாளைக்கு ரயில் தேவையென்றால் நடப்பவர் விலக வேண்டும். தினமும் நூறு பேர் நடக்கும் பாதைக்குள் எவனும் இரவோடிரவாக வேலி தள்ள மாட்டான். இதைவிட மலிவான காவல் எந்தத் திணைக்களத்திடம் இருக்கிறது? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சனம் நடந்து பழகிய இடத்தில் மறுபடி தண்டவாளம் போடப் போனால் சண்டை வரும். வரட்டும். சண்டை பிடிக்க ஒரு பாதையாவது மிஞ்சியிருக்கும்.

"வசதிக்காரரின் உடற்பயிற்சி" என்பது அடுத்த குற்றச்சாட்டு. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏறத் தெரியாது. ஆகவே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மெல்ல மெல்ல ஏறி இறங்கும்படி பாதை போட்டார்கள். மழைத் தண்ணீர் கடக்க மதகும் கட்டினார்கள். அந்தச் சாய்வில் முழங்கால் தேய்ந்த கிழவி நடப்பாள், சக்கர நாற்காலி உருளும். றோட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு லொறிக்கும் வேலிக்கும் நடுவே எத்தனை அடி கிடைக்கிறது? வசதிக்காரருக்குக் கார் இருக்கிறது, ஐயா.

வெள்ளைக்காரர் பைத்தியம் என்பவர்கள் சிங்கப்பூருக்குப் போய்ப் பார்க்கலாம். தஞ்சோங் பகாரிலிருந்து ஊட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீற்றர் மலாயா ரயில் ஓடிய பாதை. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை பேசுகிற ஊர் அது. கட்டடம் எழுப்ப ஆசை இருந்திருக்காதா? கடைசி ரயிலுக்கு முந்தின வருடமே இயற்கைச் சங்கத்தார் இந்தத் தடத்தை முழுசாக, பச்சையாக விடும்படி திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொண்டர்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள், எழுதினார்கள், நச்சரித்தார்கள். பாதை தப்பியது. அந்தத் தண்டவாளத்தில் வியர்வை சிந்தியவர்களில் தமிழர் ஏராளம். குவீன்ஸ்வே பக்கம் ரயில் தொழிலாளர் 1932-ல் பாதையோரம் குடிசை போட்டுக் கும்பிட்ட முனியாண்டிதான் இன்று குவீன்ஸ்டவுனில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன். நம் ஆட்கள் கட்டின பாதையில் நம் பேரப்பிள்ளைகள் நடப்பது வெள்ளைக்காரப் பைத்தியமா?

வீடில்லாதவன் என்ன செய்வான் என்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் அவனை வாழ வைக்கக் கேட்கப்படும் கேள்வி அல்ல. ஒடுங்கின, நீண்ட, உறுதி தர முடியாத ஒரு கீலத்தில் அவனை இருத்துகிறீர்கள். வங்கி கடன் தராது. பிள்ளைக்குச் சீதனமாக எழுத முடியாது. ரயில் வருகிறது என்றால் எழும்ப வேண்டும். யாழ்ப்பாணப் பக்கம் பாதையோரம் ஒதுங்கியிருந்த இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கேளுங்கள். அரசிடம் காணி இல்லாமலா அவனுக்கு இந்தக் கீலம்?

எங்கள் கரையிலும் இதே நோய்தான். வாடிக்குப் போகும் ஒழுங்கை, கரைவலைக்காரர் வலை சுமந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை, இவற்றில் கொஞ்சநாள் கால் படாவிட்டால் போதும். பிறகு பார்த்தால் ஹோட்டல் வேலி நிற்கும். கேட்டால், பாவிக்காத இடம்தானே என்பார்கள்.

நாம் அறிந்த சிரமதானம் காலையில் புல் செருக்கி, மண்வெட்டியோடு படம் எடுத்து, மத்தியானம் சோற்றுப் பார்சலோடு கலைவது. ரயில் தடத்தைக் காக்கிற வேலை அப்படியல்ல. அமெரிக்காவில் இலினோய் பிரேரிப் பாதைக்கு 1963-ல் ஒரு ஆசிரியை பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தோடு ஆள் சேர்ந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் பாதையில் தொண்டர்கள் 1979-ல் தொடங்கிய வேலை முடிய 1986 ஆயிற்று. ஏழு வருடம் திரும்பத் திரும்ப வந்தவர்கள் அவர்கள். இங்கே தொடங்குகிறவர்களுக்குச் சீமெந்தும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். நில அளவைத் திணைக்களத்தில் பழைய வரைபடத்தின் பிரதி எடுங்கள். கிராம சேவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் ரயில் காணியின் எல்லைக்கல்லை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைத்த கல்லுக்கு வெள்ளை அடியுங்கள். வேலிக்காரர் அன்றைக்கே வந்து யார் நீங்கள் என்று கேட்பார்.