285 வருஷம் ஓடுமா ஒரு ஹார்ட் டிஸ்க்?

அம்பத்தூர் எஸ்டேட்னா லேத்தும் பிரஸ்ஸும்தான்னு நினைச்ச காலம் போச்சு. இப்ப அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டர்களும் வரிசை கட்டுது. என்டிடி வந்தாச்சு. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்‌ஷனும் திறந்தாங்க. நம்ம பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் இந்த மாதிரி கட்டடங்களில்தான் குடியிருக்கு.

இங்கே போடுற ஹார்ட் டிஸ்க்கோட விவரத்தாளில் ஒரு நம்பர் இருக்கும்: எம்டிபிஎஃப் 25 லட்சம் மணி நேரம். அதாவது, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் சராசரி இடைவெளி. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தா 285 வருஷம்! வாரண்டி மட்டும் அஞ்சு வருஷம் :-)

பொய்யான்னு கேட்டா, இல்லை. அது ஒரு டிஸ்க்கோட ஆயுசு இல்லை, கூட்டத்தோட கணக்கு. ஆயிரம் வாலிபர்களில் வருஷத்துக்கு ஒருத்தர் இறந்தா, இதே கணக்கில் 1,000 வருஷம் வரும். அதுக்காக யாராவது 1,000 வருஷம் இருக்கப்போறாங்களா என்ன? 10,000 டிஸ்க் ஓடினா வருஷத்துக்கு 35 படுக்கும், கிட்டத்தட்ட பத்து நாளைக்கு ஒண்ணு. அவ்வளவுதான் அந்த நம்பர் சொல்லுது.

நிஜம் இன்னும் மோசம். 2007ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடரும் கிப்ஸனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் கணக்கை எடுத்தாங்க. தாளில் இருந்தது வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம். களத்தில் மாத்தினது சர்வசாதாரணமா 2 முதல் 4 சதவீதம்.

என் கட்சி என்னன்னா, எப்ப கெடும்ங்கறதைவிட எவ்வளவு நேரத்தில் சரியாகும்ங்கறதுதான் முக்கியம். ரெண்டு பிரதி இருக்குன்னு தைரியமா இருப்போம். முதல் டிஸ்க்கை மாத்துறதுக்குள்ள ரெண்டாவதும் போனா? "ரெண்டும் சேர்ந்து போக வாய்ப்பே இல்லை"ன்னு சொல்ற கணக்கு, ஒவ்வொண்ணும் தனித்தனியா கெடும்னு நம்பிப் போட்டது. ஒரே லாட்டில் வாங்கின டிஸ்க், ஒரே கரண்ட், ஒரே மழைன்னா அந்த நம்பிக்கை எங்கே நிக்கும்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு. கட்டடத்தை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் ஸ்பேர் பார்ட்டும் டீசலும் இன்ஜினியரும் அதே ரோட்டில்தானே வரணும்? நாலு மணி நேர ரிப்பேர் நாலு நாளாச்சுன்னா 25 லட்சம் மணி நேரம் கைகொடுக்காது.

அதனால டெண்டரில் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "ஸ்பேர் எங்கே இருக்கு, முழங்கால் தண்ணியில் யார் கொண்டு வருவாங்க?"