விடுபட்ட கட்டம் விடுபட்டதாகவே இருக்கட்டும்

மருந்து ஆய்வில் பங்கேற்போருக்கு நாங்கள் ஒரு நாட்குறிப்புப் படிவம் தருகிறோம். மாத்திரை உண்ட நேரம், வலியின் அளவு, வாந்தி, தலைசுற்றல் போன்ற தொல்லைகள் ஆகியவற்றை அன்றன்றே அதில் எழுத வேண்டும். சில படிவங்கள் திரும்பி வரும்போது எங்களுக்கு ஐயம் எழுகிறது. முப்பது நாள்களுக்கும் ஒரே பேனா. எல்லா நாளும் சரியாகக் காலை 8 மணி. மருத்துவமனைக்கு வரும் முந்தைய இரவிலோ, இங்கே வரிசையில் காத்திருந்த வேளையிலோ முழுப் படிவமும் நிரப்பப்பட்டிருக்கலாம்.

இது இங்கு மட்டும் நிகழ்வதன்று. நாள்பட்ட வலியுடையோரைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. அவர்களுக்குத் தந்த குறிப்பேட்டில், அது திறக்கப்படும் நேரத்தை ஒளியைக் கொண்டு அறியும் சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. குறித்த வேளைகளில் 90 விழுக்காட்டுக்குக் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. உரிய நேரத்தில் எழுதப்பட்டவையோ 11 விழுக்காடே.

இதற்காக நோயாளிகளைக் குறை கூறுவது முறையன்று என்பதே எங்கள் கருத்து. வெற்றுக் கட்டத்தைக் கண்டதும் முகம் சுளித்து, "ஏன் விட்டீர்கள்?" என்று கடிந்து கேட்பவர்கள் நாங்கள்தாம். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் கட்டங்களை நிரப்பிவிடுகின்றனர்.

விளைவு சிறிதன்று. வாந்தியினால் ஒருவர் நான்கு வேளை மாத்திரையை விட்டுவிட்டு, உண்டதாகக் குறியிட்டால், அம்மருந்து உடலுக்கு ஒத்துக்கொண்டதாகவே பதிவாகும். நாளை அதே மருந்தை உண்ணப்போகும் இன்னொருவருக்கு அத்தொல்லை பற்றிய எச்சரிக்கை கிட்டாது. தாளில் உள்ளதை இருவர் தனித்தனியே கணினியில் ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்கும் முறை உண்டு. பதிவோர் செய்த பிழையை அது காட்டிவிடும். உண்மையல்லாத குறியையோ இருவரும் ஒன்றுபோலவே பதிவு செய்வர்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டும் குணமடையலாம் என்பதை உலகுக்கு உணர்த்திற்று. அந்த ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். மருந்தை மறப்பதும் தவிர்ப்பதும் மனித இயல்பென அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் வேண்டுகிறோம். ஒரு வேளை விடுபட்டால் கட்டத்தை அப்படியே விட்டு, காரணத்தை அருகில் எழுதுங்கள். தவறாக எழுதிவிட்டால் அழிக்காமலும் வெள்ளை மை பூசாமலும், பழையது தெரியும்படி ஒரே கோடிட்டு, சரியானதை எழுதித் தேதியுடன் சுருக்கொப்பம் இடுங்கள். நோயாளிக்காக வேறொருவர் எழுதினால் அதையும் குறிப்பிடுங்கள்.

எங்கள் பங்கிற்கு, விடுபட்ட கட்டத்திற்காக எவரையும் கடிந்து பேசுவதில்லை என்று உறுதி கூறுகிறோம். பாதி நிரம்பிய படிவமாயினும் தயங்காமல் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசி, ஏன் விடுபட்டது என்பதைச் சேர்ந்தே அறிவோம்.